கண்ணாடி அலமாரி

பெண்களுக்கு ரசாயன சாஸ்திரம் கற்றுத்தரலாமா, கூடாதா என்று ஒரு காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. விவாதித்த கனவான்கள் ஒருவராவது அதற்கு முன் தம் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால், அந்தச் சாஸ்திரம் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தி வருவது தெரிந்திருக்கும்.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்க்கிறார்கள். மஞ்சள் நீர் கண்ணெதிரே குங்குமச் சிவப்பாக மாறுகிறது. சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அதே நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் அமிலம் காரத்தை அடக்கிவிடும். போன மஞ்சள் நிறம் திரும்பி வரும். பால் உறைவதும், மாவு புளித்துப் பொங்குவதும், புளி தேய்த்த பித்தளைக் குடம் பளபளப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். இவற்றையெல்லாம் செய்வது பெண்ணின் கை. ஆனால் பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுச் சிறுமி, "ஏன் பாட்டி இது சிவக்குது?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? "தட்டைக் கீழே போட்டுடாதே! மாப்பிள்ளை வாசல்லே நிக்கறார்!"

கைக்கு வேலை உண்டு, கேள்விக்கு இடமில்லை. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தில், கேள்வி கேட்க அநுமதி பெற்ற பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கையைப் பயன்படுத்த அநுமதி இல்லை. ஐரோப்பாவில் இந்தக் கேள்வியும் இந்தக் கையும் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் வந்து சேர்வதற்கு நூறு வருஷம் பிடித்தது. லண்டனில் தொடங்கி, வார்ஸா வழியாகப் பாரிஸுக்குப் போய்ச் சேரும் அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

லண்டனில் 1799-ஆம் ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞானக் கழகம் தோன்றியது. அங்கே ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் ரசாயனப் பிரசங்கங்கள் செய்தார். நம் ஊரில் பெரிய பாகவதரின் கச்சேரிக்குக் கூட்டம் சேருவதுபோல் டேவியின் பிரசங்கத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. வீதி முழுவதும் கோச்சு வண்டிகள். வந்தவர்களில் பெண்கள் ஏராளம். மேடையில் புகை எழும், தீப்பொறி பறக்கும், நிறம் மாறும். சீமாட்டிகள் கைதட்டுவார்கள். பிறகு வண்டி ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் கைதட்டியதோடு மனம் ஆறவில்லை. அவள் பெயர் ஜேன் மார்செட். 1769-ல் பிறந்தவள், ஸ்விட்ஜர்லாந்திலிருந்து வந்து லண்டனில் குடியேறிய வணிகரின் மகள். அவள் கணவர் வைத்தியர், ரசாயனத்தில் பற்றுள்ளவர். பிரசங்கத்தில் பாதி புரியவில்லை என்பதை ஜேன் மறைக்கவில்லை. மேடையில் பரிசோதனைகள் மளமளவென்று நடந்து போயின. அவற்றைப் பின்தொடர முடியவில்லை. பிறகு வீட்டில் ஒரு சிநேகிதரோடு அதே விஷயங்களை நிதானமாகப் பேசி, பரிசோதனைகளையும் திரும்பச் செய்து பார்த்தபோது எல்லாம் தெளிவாயின. தனக்குப் பயன்பட்ட வழி மற்றப் பெண்களுக்கும் பயன்படாதா என்று எண்ணி ஒரு புத்தகம் எழுதினாள். 1806-ஆம் ஆண்டு என்று தேதியிட்டு, இரண்டு பாகங்களாக, 'ரசாயன சம்பாஷணைகள்' வெளிவந்தது. விசேஷமாகப் பெண்பாலாருக்கென்றே எழுதியது என்று முகப்பிலேயே சொல்லியிருந்தது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.

நாவல் படிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும். மூன்று பாத்திரங்கள். திருமதி பி. என்ற ஆசிரியை, எமிலி, கரோலின் என்று இரண்டு பெண்கள். எமிலி சமர்த்து, எதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். கரோலின் துடுக்கு. ரசாயனம் என்றால் கடைவீதி மருந்து கலக்கும் வேலைதானே என்று தொடக்கத்தில் அவளுக்கு இளப்பம். போகப் போக, தண்ணீர் என்பது ஒரே பொருள் அல்ல, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்று தெரியவந்ததும் அந்தத் துடுக்குத்தனமே ஆர்வமாக மாறுகிறது. கதாசிரியன் என்ற முறையில் என் ஓட்டு கரோலினுக்குத்தான். அவள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் வெறும் பாடப் புத்தகமாகப் போயிருக்கும்.

புத்தகம் மளமளவென்று விற்றது. பதிப்புக்குப் பதிப்பு, டேவி புதிதாகக் கண்டுபிடித்தவற்றையெல்லாம் மார்செட் அம்மையார் சேர்த்துக்கொண்டே வந்தார். கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போய், பெண்கள் பள்ளிக்கூடங்களில் பாடமாயிற்று. அங்கே ஒரு வேடிக்கை. எழுதியவள் பெயர் இல்லாத புத்தகத்தின் முகப்பில், குறிப்புகள் சேர்த்த ஆண்பிள்ளைகளின் பெயர் மட்டும் கம்பீரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது!

ஆனால் நான் சொல்ல வந்த வேடிக்கை அதைவிடப் பெரியது. பெண்களுக்கென்றே எழுதிய இந்தப் புத்தகம் உருவாக்கிய மாபெரும் விஞ்ஞானி ஓர் ஆண்பிள்ளை.

கருமான் ஒருவரின் மகன். பதினான்கு வயதில், 1805-ல், லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தான். கட்டுவதற்கு வரும் புத்தகங்களைக் கட்டுவதோடு நிற்காமல் படிக்கவும் செய்தான். அப்படி அவன் கைக்கு வந்த ஒன்று 'ரசாயன சம்பாஷணைகள்'. பையன் பெயர் மைக்கேல் பாரடே. தான் பெரிய சிந்தனையாளன் அல்லவென்றும், அரபுக் கதைகளைக்கூட அப்படியே நம்பிவிடக்கூடிய கற்பனைக்காரன் என்றும், உண்மையைச் சோதித்தறியும் பழக்கந்தான் தன்னைக் காப்பாற்றியதென்றும் பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். மார்செட் அம்மையார் சொன்னவற்றைத் தன் சக்திக்கு எட்டிய சின்னஞ்சிறு பரிசோதனைகளால் செய்து பார்த்தார். அவை மெய்யென்று கண்டார். கிடைத்த ஆதாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1812-ல் டேவியின் பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி, டேவிக்கே அனுப்பி வைத்தார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. இன்று நம் வீட்டில் எரியும் மின்சார விளக்குக்கு மூலமான தத்துவத்தை 1831-ல் கண்டவர் அவரே. தம் கட்டுரைகள் அச்சானதும் அந்த அம்மையாருக்கு ஒரு பிரதியைக் குருதட்சிணையாக அனுப்புவாராம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிட்டு, ஆஹா, ஏழைப் பையன் முன்னுக்கு வந்தானே என்று மகிழ்வார்கள். நானும் மகிழ்கிறேன். ஆனால் எமிலியும் கரோலினும் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. புத்தகத்தை வாங்கிப் படித்த எத்தனையோ ஆயிரம் எமிலிகள்! அவர்களில் ஒருத்தி குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? டேவி மரியாதையாக ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருப்பார். வேலை கொடுத்திருக்க மாட்டார். அன்று இங்கிலாந்தில் எந்தச் சர்வகலாசாலையும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரடேயும் சர்வகலாசாலையில் படித்தவர் அல்லதான். ஆயினும் குழாயும் குடுவையும் தொடும் வேலைக்கு அவர் விண்ணப்பிக்க முடிந்தது.

புத்தகத்துக்குள்ளேயே இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. பரிசோதனைகளைப் பெரும்பாலும் திருமதி பி.யே செய்து காட்டுகிறார். பெண்கள் இருவரும் பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். கேள்விக்கு வழி பிறந்தது. கை மடியிலேயே இருந்தது.

இனி வார்ஸாவுக்குப் போவோம். மார்செட் அம்மையார் 1858-ல் காலமானார். அதற்கு ஒன்பது வருஷங்களுக்குப் பின், 1867-ல், அந்த நகரத்தில் ஓர் உபாத்தியாயர் வீட்டில் மான்யா பிறந்தாள். போலந்தின் அந்தப் பகுதி அப்போது ருஷ்யச் சக்கரவர்த்தியின் பிடியில் இருந்தது. தகப்பனார் ஸ்க்லோடோவ்ஸ்கி பௌதிகமும் கணிதமும் போதிப்பவர். போலிஷ் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சி அவசியமில்லை என்று ருஷ்ய அதிகாரிகள் அதை நிறுத்திவிட்டார்கள். அடிமை நாட்டு மக்களுக்குப் பாடம் மனப்பாடமானால் போதும், கையால் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம் என்பது ராஜதந்திரம். சோதித்துப் பார்க்கிறவன் நாளைக்கு அரசாங்கத்தின் வார்த்தையையும் சோதித்துப் பார்ப்பான் அல்லவா?

வேலையற்றுப் போன உபகரணங்களில் சிலவற்றைத் தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்தார். கண்ணாடிக் குழாய்கள், சின்னத் தராசு, கனிமக் கற்கள், தங்கத் தகடு வைத்த மின்காட்டி ஒன்று. சிறுமி மான்யா அலமாரி முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அவை என்னவென்று அப்பாவைக் கேட்டாள். 'பௌதிக உபகரணங்கள்' என்றார். அந்த நீண்ட வார்த்தை அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது. பாட்டுப் போல அதைச் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் அப்படி ஓர் அலமாரியைப் பார்த்திருக்கிறோம். நான் படித்த பள்ளியிலும் இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரையில் எங்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வெளிப்புறத்தைத் துடைப்பார்கள்.

மான்யாவுக்குச் சாவி கிடைப்பதற்கு இருபத்து மூன்று வயதாயிற்று. வார்ஸா சர்வகலாசாலை பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. சில வருஷம் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். பிறகு உறவினர் பொகுஸ்கி என்பவர் அவளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அவர் ருஷ்ய ரசாயன மேதை மென்டலீவிடம் உதவியாளராக இருந்தவர். தொழில், விவசாயக் காட்சிசாலை என்று வெளியில் பெயர். உள்ளே போலிஷ் இளைஞர்களுக்கு விஞ்ஞானம் பயில்விக்கும் இடம். அங்கே சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தன்னந்தனியாகப் பரிசோதனைகள் செய்து பழகினாள். ஒரு நாள் எதிர்பாராமல் வெற்றி. மறு நாள் காரணம் தெரியாத தோல்வி. இருந்தாலும் கை பழகியது. 1891-ல் பாரிஸுக்கு ரயிலேறினாள். பிறகு நடந்ததை உலகம் அறியும்: மேரி க்யூரி, போலோனியம், ரேடியம், இரண்டு நோபல் பரிசுகள்.

உலகம் அவ்வளவாக அறியாத ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிஸ் வீதியில் ஒரு பார வண்டியின் சக்கரத்தில் சிக்கி பியேர் க்யூரி மாண்டார். மேரிக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஐரீனுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. கணவர் வகித்த ஆசிரியப் பொறுப்பை ஏற்று, ஆராய்ச்சியையும் நடத்தி, பொழுது போதாமல் தவித்த அந்த அம்மாள், அடுத்த வருஷம் இன்னொரு சுமையைத் தானாகவே தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்நாளைய பள்ளிக்கூடங்களைக் கண்டால் மேரிக்கு ஆகாது. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் குழந்தைகளை நாள் முழுதும் அடைத்து வைப்பதைவிட அவர்களை நீரில் அமிழ்த்திவிடலாம் போலிருக்கிறது என்று தன் சகோதரிக்கே எழுதினாள். கோபத்தில் எழுதியதுதான், ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை. நண்பர்களான பேராசிரியர்களைக் கூட்டி ஒரு யோசனை சொன்னாள். நம் குழந்தைகளை நாமே சொல்லிக்கொடுத்து வளர்த்தால் என்ன? ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாடத்தை எல்லார் குழந்தைகளுக்கும் நடத்துவது. தினம் ஒரு பாடம் போதும். மிச்ச நேரம் விளையாட்டு.

இப்படிப் பிறந்தது 'கூட்டுறவுப் பள்ளி'. மாணவர்கள் சுமார் பத்துப் பேர். ஆசிரியர்களைக் கேளுங்கள்: ரசாயனத்துக்கு ழான் பெரின், அவர் 1926-ல் நோபல் பரிசு பெற்றவர். கணக்குக்குப் பால் லாஞ்ஜெவின். பிரான்ஸின் தலைசிறந்த பௌதிக மேதைகளில் ஒருவர். பௌதிகத்துக்கு மேரி க்யூரியே. உலகத்தில் எந்த மகாராஜாவின் பிள்ளைக்கும் இப்படி வாத்தியார்கள் வாய்த்ததில்லை.

பெரின் பாடம் நடத்தியது ஸார்போன் சர்வகலாசாலையில், தம் ஆய்வுக்கூடத்திலேயே. பத்து வயதுப் பெண்களும் பையன்களும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று குழாயையும் குடுவையையும் கையாண்டார்கள். பாரிஸ் பத்திரிகைக்காரர் ஒருவருக்கு இது நல்ல தீனி. எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாத இந்தக் குழந்தைகள் ரசாயனப் பொருள்களைக் கலக்கிறார்களாம். ஸார்போன் இன்னும் வெடித்துச் சிதறவில்லை, ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்று கிண்டல் செய்தார். ஸார்போன் கடைசி வரையில் வெடிக்கவில்லை.

மேரியின் வகுப்பு வியாழக்கிழமை பிற்பகல். பழைய பௌதிகப் பள்ளியில் உபயோகமற்றுக் கிடந்த ஓர் அறை. முதலில் எடுத்துக்கொண்ட விஷயம், வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் என்ன வேறுபாடு என்பது. பிறகு காற்றுக்கு எடை உண்டா? குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நல்ல தண்ணீரில் மூழ்கும் கோழிமுட்டை உப்புத் தண்ணீரில் ஏன் மிதக்கிறது? எல்லாவற்றையும் குழந்தைகளே செய்து பார்த்தார்கள். சைக்கிள் சக்கரத்துச் சின்ன இரும்புக் குண்டை மையில் தோய்த்துச் சாய்ந்த பலகையில் உருட்டிவிட்டால், அது விழும் பாதையைத் தானே வரைந்து காட்டியது. ஒவ்வொருவரும் சொந்தமாக வெப்பமானி செய்தார்கள்; கடையில் வாங்கியதோடு அது ஒத்துப் போனபோது அவர்களுக்கு உண்டான கர்வத்தைச் சொல்லி முடியாது.

ஒரு நாள் மேரி கேட்டாள்: "இந்த ஜாடியில் இருக்கும் வெந்நீர் ஆறாமல் இருக்க என்ன செய்யலாம்?" ஐரீன், பெரினின் மகன், லாஞ்ஜெவின் மகன், இசபெல் ஷவான் என்ற பெண் — எல்லாரும் மூளையைக் கசக்கிக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கம்பளியால் சுற்றலாம்; வெப்பம் கடக்காத பொருளால் மூடிக் கட்டலாம்; அற்புதமான யோசனைகள். மேரி புன்னகையோடு, "நானாக இருந்தால் முதலில் மூடியைப் போடுவேன்" என்றாள்.

மேதை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இது. நம் பாட்டிமார் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அதை ஆய்வுக்கூடத்தில் சொல்லலாம் என்றும், அதுவும் விஞ்ஞானம்தான் என்றும் அந்தக் குழந்தைகள் அன்று தெரிந்துகொண்டார்கள். சமையலறைக்கும் சோதனைச் சாலைக்கும் நடுவில் இருந்த சுவர் அங்கே இடிந்தது.

கையில் கொடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் அல்ல. மேரி கண்டிப்பானவள். மேஜையை அசுத்தப்படுத்திவிட்டுப் பிறகு துடைத்துவிடுகிறேன் என்று ஒரு குழந்தை சொன்னால் ஏற்கமாட்டாள். பரிசோதனை நடக்கும்போதே மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் என்பாள். இந்தப் பாடங்களை இசபெல் ஷவான் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2003-ல், அது பாரிஸில் அச்சேறியது. அந்த நோட்டின் தயவால்தான் மேரியின் வகுப்பறைக்குள் இன்று நாமும் எட்டிப் பார்க்க முடிகிறது.

கூட்டுறவுப் பள்ளி இரண்டு வருஷந்தான் நடந்தது. பெற்றோர்களுக்கு வேலை மிகுந்தது. பிள்ளைகளும் பரீட்சைக்குத் தயாராக வேண்டியிருந்தது. பிரெஞ்சு சர்க்கார் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்களுக்குச் சமமான பாடத்திட்டத்தை வகுத்தது 1924-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு வருஷம் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

பலன் என்ன? 1934 ஜனவரியில் ஐரீனும் அவள் கணவர் பிரெடரிக் ஜோலியோவும் ஓர் அலுமினியத் தகட்டைப் போலோனியத்தின் கதிர்களுக்கு இலக்காக்கினார்கள். போலோனியம், ஐரீன் பிறந்த மறு வருஷம் அவள் தாயார் கண்டெடுத்துத் தாய்நாட்டின் பெயரைச் சூட்டிய மூலகம். கதிர் பட்ட அலுமினியத்தில் ஒரு சிறு பகுதி, இயற்கையில் இல்லாத கதிரியக்கப் பாஸ்பரஸாக மாறிற்று. மாறியதைக் கணக்குப் போட்டுச் சொன்னால் போதாது. ரசாயன முறையில் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பாஸ்பரஸ் சுமார் இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரைந்து போகும்! அதற்குள் தகட்டை அமிலத்தில் கரைத்து, எழும் வாயுவைக் குழாயில் பிடித்து, அளந்தாக வேண்டும். அங்கே புத்தக ஞானம் மட்டும் போதாது. கை தடுமாறினால் காரியம் கெட்டது. கை தடுமாறவில்லை.

ரேடியத்தால் வெந்து போயிருந்த விரல்களால் அந்தச் சிறு குழாயை வாங்கிப் பார்த்தாள் மேரி. முகத்தில் அளவிலா ஆனந்தம். அந்த வருஷம் ஜூலையில் அவள் காலமானாள். மறு வருஷம் மகளுக்கும் மருமகனுக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதன் விலையையும் சொல்லாமல் விடுவது தர்மம் அல்ல. தாயை மாய்த்தது கதிர்களால் வந்ததென்று கருதப்படும் ரத்த நோய். 1956-ல் மகளைக் கொண்டு போனதும் ரத்தப் புற்றுநோய். கையால் தொட்டதில் எது ஆபத்து என்பதை முழுதும் அறியாத காலம் அது. இன்று அறிவோம், ஆகையால் இன்று குழந்தை கையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று தேர்ந்தெடுக்கும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கடமையைச் சாக்காக வைத்து அலமாரியையே பூட்டிவிடும் உரிமை நமக்கு இல்லை.

பூட்டுவதற்கு ஆள் எப்போதும் உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானப் பேரவை 1911-ல் மேரியைச் சொற்ப வாக்குகளில் தள்ளிவிட்டது. ஐரீனை ஒரு முறையல்ல, பல முறை தள்ளியது. 1666-ல் தோன்றிய அந்தப் பேரவை 1962-ல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணைத் தன் வரிசையில் சேர்த்தது. அவள் யார் தெரியுமா? மார்கரீத் பெரே, தகப்பனார் இறந்ததால் டாக்டருக்குப் படிக்க வசதியற்று, பத்தொன்பது வயதில் மேரி க்யூரியின் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளாக வந்து சேர்ந்த பெண். பொருள்களைச் சுத்தம் செய்து பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. 1939-ல், இருபது நிமிஷச் சொச்சத்தில் பாதியாகிவிடும் ஒரு புதிய மூலகத்தை அந்தக் கைவேகத்தால் பிடித்துவிட்டாள். தன் நாட்டின் பெயரால் 'பிரான்ஸியம்' என்று அதற்குப் பெயர் வைத்தாள். கதவைத் திறந்தது பட்டம் அல்ல, பழகிய கை.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் இறுத்து வையுங்கள். குளிர்பானக் குழல் ஒன்றை உங்கள் வீட்டுச் சிறுமியிடம் கொடுத்து, மெதுவாக ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சக் கூடாது, கண்ணில் தெறிக்கக் கூடாது என்று எச்சரித்துப் பக்கத்திலேயே இருங்கள். சிறிது நேரத்தில் அந்த நீர் பால்போல் வெளுக்கும். அவள் மூச்சில் இருக்கும் கரியமிலவாயு செய்யும் வேலை அது.

"ஏன் இப்படி வெளுக்குது?" என்று கேட்பாள். உடனே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். அவள் இன்னொரு தம்ளரைத் தேடி எழுந்து போவாள். போகட்டும், தடுக்காதீர்கள்.